சாட்சிக்கு மணி பார்க்கத் தெரியுமா?

நாகேஸ் மிஸி காலமான செய்தியை என் கடைக்குக் கொண்டுவந்தவர் பதுளை ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் ஒரு தாதி. பழுதுபார்க்கக் கொடுத்திருந்த கைப்பேசியை வாங்க வந்தவர், அதைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டே, "முருகையா அண்ணே, சேதி தெரியுமா? நம்ம நாகேஸ் மிஸி போயிட்டாங்க" என்றார். "எங்க? எப்ப? எதுக்கு அப்புறம்?" என்று ஒரே மூச்சில் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். சாவுச் செய்தி கேட்டவன் இப்படியா கேட்பான் என்று நினைத்திருக்கலாம். மிஸியை நன்றாகத் தெரிந்தவர்களுக்கு மட்டும் அந்த மூன்று கேள்விகளும் யாருடையவை என்று விளங்கும்.

ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் அவர் கையால் ஊசி போட்டுக்கொண்டவர்கள் இதை வாசிப்பீர்கள். எங்கள் பக்கத்தில் தாதிமாரை மிஸி என்றுதான் கூப்பிடுவோம். யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே தாதியாக வந்தவர், பதுளையில் கணக்குப் படிப்பித்த பரமநாதன் மாஸ்டரைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார். நோயாளியிடம் அவர் கேட்டதெல்லாம் எங்கே நோகிறது, எப்போது நோகிறது, எதுக்குப் பிறகு நோகிறது என்பதுதான். உங்களுக்கு அது பழகிய குரல். அதே கேள்விகளை அவர் டெக், கணினி போன்ற பெட்டிகளிடமும் கேட்டார் என்பது எனக்கும் இன்னும் இரண்டொருவருக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. அதை எழுதாமல் விட்டால் அவரைப் பற்றி எழுதியதாகவே ஆகாது.

முதலில் அவர் என் கடைக்கு வந்தது தொண்ணூறுகளில், ஒரு வீடியோ டெக்கோடு. அப்போது நான் டெக் திருத்துவதையும் கசெட் வாடகைக்கு விடுவதையும் ஒன்றாகச் செய்துகொண்டிருந்தேன். "மூண்டு கடையிலை திருத்தியாச்சு. வீட்டை கொண்டுபோனால் ஓடாது. கடையிலை வைச்சால் ஓடும். ஏன்?" என்றார். எந்த வாடிக்கையாளரும் ஏன் என்று கேட்பதில்லை. எப்போது கிடைக்கும் என்றுதான் கேட்பார்கள். எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. வைத்துவிட்டுப் போங்க, பார்க்கிறேன் என்றேன். அவர் போகவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "நீர் திறவும், நான் பாத்துக்கொண்டிருக்கிறன்" என்றார்.

திறந்தேன். உள்ளே ஒரு குற்றமும் இல்லை. இரண்டு வாரம் கழித்து அவரே விடையோடு வந்தார். மூடுபனி இறங்கும் நாட்களில்தான் டெக் ஓட மறுக்கிறதாம். ஒரு மேசை விளக்கை அதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் எரியவிட்டால் ஓடுகிறதாம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த டெக்குகளுக்குள் ஈரத்தை உணரும் ஒரு சின்னப் பாகம் உண்டு. உள்ளே ஈரம் படிந்தால் கசெட் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அது இயந்திரத்தை நிறுத்திவிடும். டெக் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. மூன்று கடைக்காரர்கள் அதைத் திருத்தியிருக்கிறார்கள். நான் சொன்னதும் மிஸி கைகொட்டிச் சிரித்தார். "பாவம், சுகதேகியைப் பிடிச்சு மூண்டு தரம் ஒப்பரேசன் செய்திருக்கிறம்" என்றார். அதற்குப் பிறகு பதுளைக்கு வந்தால் என் கடைக்கு வராமல் அவர் பஸ் ஏறியதில்லை.

மாஸ்டருக்குப் பாரிசவாதம் வந்தது 2004இல். இடது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. மிஸி வேலையிலிருந்து ஓய்வு பெற்று, தோட்டத்து எல்லையில் ஒரு சின்ன வீட்டில் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொழும்பில் இருந்த மாஸ்டரின் தம்பி செல்வரத்தினமும் உதவிக்கு வந்து சேர்ந்தார். வரும்போது ஒரு கணினியையும் கொண்டுவந்தார். அதை டிவியோடு இணைத்து, மீடியா ப்ளேயர் மென்பொருள் போட்டு, தனியான ஒரு ஹார்ட் டிஸ்க் பெட்டியில் மாஸ்டரின் ஊர்க் கோயில் திருவிழா வீடியோக்களையெல்லாம் ஏற்றிக் கொடுத்தது நான்தான், 2005இல். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அதைப் போட்டுவிட்டால் மாஸ்டர் மாலைவரை அசையமாட்டார். நாதஸ்வரக்காரர் நிமிரும்போது இவருடைய வலது கை தாளம் போடும். அவருக்கு மிச்சமிருந்த உலகம் அவ்வளவுதான்.

2006இன் நடுவில் அந்தப் ப்ளேயர் சாகத் தொடங்கியது. ஓடிக்கொண்டிருக்கும் படம் கறுத்துப்போய், பிழைச் செய்தி ஒன்று வந்து நிற்கும். மாஸ்டரால் கூப்பிட முடியாது. யாராவது வந்து பார்க்கும்வரை கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சில நாள் கன்னம் நனைந்திருக்கும் என்று மிஸி சொன்னார்.

பழி விழுந்தது செல்லம்மாமேல். செல்லம்மா பக்கத்து லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், இருந்தவர். பகலெல்லாம் கொழுந்து பறித்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு, நாலரைக்கு மிஸி வீட்டுக்கு வந்து கூட்டித் துடைத்து, துணி தோய்த்துப் போடுவார். அந்த நேரத்தில் மிஸி பின்பக்கம் லீக்ஸ் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார். செல்வரத்தினம் நடைபோய்விட்டு வந்து பார்த்தால் திரை கறுத்திருக்கும், செல்லம்மா கையில் தும்புத்தடியோடு அதே அறையில் நிற்பார். ஒருமுறை இரண்டுமுறை அல்ல, எப்போதும் அப்படித்தான். "இவள் வயரை இழுக்கிறாள், இல்லாட்டி எதையோ அமத்துறாள்" என்றார் செல்வரத்தினம். செல்லம்மா, "இல்லீங்க ஐயா. நான் உள்ள போறப்பவே அது கறுப்பாத்தாங்க கெடக்கு" என்றார். அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் செல்லம்மா வருவதில்லை, ஞாயிற்றுக்கிழமைகளில் பெட்டியும் நிற்பதில்லை என்பதைச் செல்வரத்தினம் கண்டுபிடித்த பிறகு வழக்கே முடிந்துவிட்டது மாதிரி ஆனது. ஆளை நிறுத்திவிட வேண்டும் என்றார். நிறுத்தினால் செல்லம்மாவுக்குப் போவது அந்த ஒரு வீடு மட்டும் இல்லை. சாமான் உடைக்கிறவள் என்று பேர் விழுந்தால் வேறு எந்த வீட்டிலும் படியேற்றமாட்டார்கள். அவருடைய மகள் அப்போது உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் படிப்பே இந்த வேலையை நம்பித்தான் நடந்தது.

மிஸி என்னைக் கூப்பிட்டனுப்பினார். நான் போய்ப் பார்த்துவிட்டு, ஃபோர்மட் பண்ணிப் புதிதாகப் போட்டுவிடலாம் என்றேன். எங்கள் தொழிலில் காரணம் பிடிபடாத எல்லா வியாதிக்கும் அதுதானே கஷாயம். மிஸி என் கையைப் பிடித்துக்கொண்டார். "பொறும். செத்தவர் ஏதும் சொல்லிப்போட்டுச் செத்தவரோ?" என்றார். லொக் என்று ஒன்று இருக்கிறது என்று சொன்னேன். சொல்லாமல் இருந்திருந்தால் அன்று சீக்கிரம் வீட்டுக்குப் போயிருப்பேன்.

லொக் என்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மென்பொருள் தான் செய்யும் வேலைகளையெல்லாம் மணியோடு ஒரு கோப்பில் எழுதிக்கொண்டே போகும். இந்தப் படத்தைத் திறந்தேன், ஒலியைத் தொடங்கினேன், அடுத்த துண்டை வாசித்தேன் என்று. விழும்போது கடைசியாக எதில் இடறியது என்பதும் பெரும்பாலும் அதில் இருக்கும். மிஸிக்கு இது தேன் குடித்த மாதிரி. "அட! எங்கட வார்ட்டிலை கட்டில் தலைமாட்டிலை தொங்கிறதுதானே இது" என்றார். எல்லாவற்றையும் விரிவாக எழுதும்படி ப்ளேயரின் அமைப்பை மாற்றிவிட்டு வந்தேன். பத்து நாள் போகவிட்டு, கோப்பைக் கடைக்குக் கொண்டுபோய்க் காகிதத்தில் அச்சடித்துக் கொண்டுவந்து கொடுத்தேன்.

இரண்டு விஷயங்கள் தெளிவாக இருந்தன. ஒன்று, ஒவ்வொரு தடவையும் சாவுக்குச் சற்றுமுன் ஒரே வரி வந்தது. ஹார்ட் டிஸ்க்கை வாசிக்க முடியவில்லை, அது காணாமல் போய்விட்டது என்று. ஆக, ப்ளேயரிலும் கோளாறு இல்லை, படத்திலும் கோளாறு இல்லை. ஓடிக்கொண்டிருந்த டிஸ்க் திடீரென்று மறைந்திருக்கிறது. மற்றது மணி. எல்லாச் சாவும் நாலரையை ஒட்டியே நடந்திருந்தது. நாலு இருபத்தெட்டு, நாலு முப்பத்தொன்று, நாலரை என்று. செல்வரத்தினம் காகிதத்தைத் தட்டிக் காட்டினார். "பாத்தியளோ அண்ணி? மெசினே எழுதி வைச்சிருக்கு. செல்லம்மா வாற நேரம். டிஸ்க் வயரைத்தான் இழுக்கிறாள்." எனக்கும் அது சரியென்றே பட்டது. செல்லம்மா வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அன்று அவர் வேலையை முடிக்காமலே லயத்துக்குப் போய்விட்டார். அடுத்த நாள் வரவும் இல்லை.

மிஸிக்குத் திருப்தி இல்லை. செல்லம்மா நல்லவள் என்பதால் அல்ல. அதை அவரே என்னிடம் சொன்னார். "நல்லவையும் வயரை இழுப்பினம், முருகையா. ஆனால் இந்தச் சாட்சியை நான் இன்னும் விசாரிக்கேல்லை. சாட்சிக்கு முதல் மணி பாக்கத் தெரியுமோ எண்டு பாக்க வேணும்." தாதியாக இருந்த காலத்தில், காய்ச்சல் ஏறிய நேரத்தைப் பார்ப்பதற்குமுன் அதை எழுதியவரின் கைக்கடிகாரத்தைப் பார்ப்பாராம். அடுத்த நாள் பகல் வானொலியில் செய்திக்குமுன் மணி ஓசை கேட்டதும் ப்ளேயரைத் திறந்தார். லொக்கின் முதல் வரியைப் பார்த்தார். உடனே எனக்குத் தொலைபேசி எடுத்தார். குரலில் அப்படி ஒரு துள்ளல். "உம்மட பெட்டி பழைய இலங்கையிலை இருக்குது, முருகையா! அரை மணித்தியாலம் முன்னுக்கு நிக்குது!"

இதை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும். 1996இல் நாட்டின் கடிகாரத்தை முன்னால் தள்ளினார்கள். கடைசியில் அது அரை மணி நேரம் முந்தியதாக நிலைத்தது. அதன் பிறகு "புது நேரமா, பழைய நேரமா?" என்று கேட்காமல் ஒரு கலியாணத்துக்கு முகூர்த்தம் வைக்க முடியாது. 2006 சித்திரைப் புத்தாண்டோடு அந்த அரை மணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எல்லோரும் சுவர்க் கடிகாரத்தைத் திருப்பினோம், கைக்கடிகாரத்தைத் திருப்பினோம். டிவிக்குக் கீழே கிடக்கும் பெட்டிக்குள்ளும் ஒரு கடிகாரம் ஓடுகிறது என்பது ஒருவருக்கும் நினைவில்லை. இணையம் இல்லாத வீடு, திரை முழுக்க எப்போதும் படம், அதனால் மணி யார் கண்ணிலும் படவில்லை. நானும் கோப்பைக் கடையில் வைத்துத்தான் வாசித்தேன்.

லொக்கில் நாலரை என்றால் வீட்டில் நாலு மணி. நாலு மணிக்குச் செல்லம்மா எங்கே? மடுவத்தில். கொழுந்து நிறுக்கும் கொட்டகையை அப்படித்தான் சொல்லுவோம். முதுகில் கூடையோடு, நாற்பது ஐம்பது பெண்களுக்கு நடுவில், கங்காணி பார்த்துக்கொண்டிருக்க வரிசையில் நின்றிருப்பார். ஞாயிற்றுக்கிழமை விஷயமும் லொக்கிலேயே இருந்தது. அந்த நாட்களில் டிவியில் படம் பார்த்திருக்கிறார்கள், ப்ளேயரைத் திறக்கவே இல்லை. திறக்காதது எப்படிச் சாகும்?

அப்படியென்றால் நாலு மணிக்கு வீட்டில் என்ன நடக்கிறது? நான் போனபோது மிஸி கூடத்தின் நடுவில் நின்று அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். செல்வரத்தினம் அந்த நேரம் நடைபோகிறார். மிஸி? "நான் என்ன, தேத்தண்ணிக்குக் கேத்தில் போடுவன்..." என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்திவிட்டார். என்னைப் பார்த்தார். பிறகு நேராகக் குசினிக்குள் போனார். நான் டிஸ்க்கின் முன்னால் குந்திக்கொண்டேன். குசினியில் தண்ணீர் கொதிக்கவைக்கும் மின்சாரக் கேத்திலின் சுவிட்ச் விழுந்த சத்தம் கேட்டது. டிஸ்க்கின் பச்சை விளக்கு அணைந்து, மறுபடி எரிந்தது. திரை கறுத்தது.

காரணம் சின்னது. குசினிச் சுவரிலும் கூடத்துச் சுவரிலும் இருந்த பிளக்குகள் முதுகோடு முதுகு ஒட்டியவை, ஒரே பழைய வயர். கேத்தில் மின்சாரத்தை இழுத்ததும் அங்கே நாள்பட நாள்படத் தளர்ந்துபோயிருந்த இணைப்பு ஒரு கணம் சோர்ந்துவிடும். கணினிக்கும் டிவிக்கும் நான் யூபிஎஸ் என்னும் பெட்டரி காப்பு வைத்திருந்தேன், அதனால் அவை நின்றுபிடித்தன. டிஸ்க்குக்கு அதில் இடம் இருக்கவில்லை, சுவரில் செருகியிருந்தேன். கணினி உயிரோடு இருக்க, டிஸ்க் மட்டும் கண்ணை மூடித் திறந்தது. மிஸி தன் தேத்தண்ணியைக் குசினியிலேயே குடித்துவிட்டுப் பின்பக்கத்தால் பாத்திக்குப் போய்விடுவார். கூடத்தை எட்டிப் பார்ப்பதில்லை. அரை மணி கழித்துச் செல்லம்மா வருவார், கறுத்த திரையோடு அகப்படுவார்.

அப்போது நாற்காலியிலிருந்து ஒரு சத்தம். மாஸ்டர் சிரித்துக்கொண்டிருந்தார். உடம்பு குலுங்க, கண்ணில் நீர் வர. வலது கையைத் தூக்கிக் குசினிப் பக்கம் காட்டினார், மறுபடியும் காட்டினார். மிஸி தலையில் கைவைத்துக்கொண்டார். இந்த இரண்டு மாதமாகப் பெட்டி நின்ற ஒவ்வொரு நாளும், மிஸி பாத்தியிலிருந்து திரும்பி வந்ததும், மாஸ்டர் இப்படிக் குசினியைக் காட்டியிருக்கிறார். அவருக்கும் தேத்தண்ணி வேண்டுமாக்கும் என்று மிஸியும் ஒவ்வொரு நாளும் ஊற்றிக் கொடுத்திருக்கிறார்.

செல்வரத்தினம் நல்ல மனிதர்தான். "சரி, காரணம் தெரிஞ்சுது. ஆளை வரச்சொல்லி அனுப்புவம். விபரம் ஒண்டும் சொல்லத் தேவையில்லை" என்றார். மிஸி ஒத்துக்கொள்ளவில்லை. "சத்தமாச் சொன்ன பழியை மெதுவா எடுக்கேலாது" என்றார். அடுத்த நாள் கொழுந்து நிறுக்கும் நேரத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு மடுவத்துக்கு இறங்கினார். முழங்கால் வலியோடு அந்தச் சரிவில் அவருக்கு நின்று நின்றுதான் இறங்க முடிந்தது. மிஸியைக் கண்டதும் பெண்கள் வழிவிட்டார்கள், யாருக்கோ சுகமில்லையாக்கும் என்று. எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். "செல்லம்மா எங்கட வீட்டுப் பெட்டியை உடைக்கேல்லை. உடைச்சது நான். ஒவ்வொரு நாளும் நாலு மணிக்கு நான்தான். மெசின் எழுதி வைச்சிருக்கு."

செல்லம்மா கூடையை இறக்கவில்லை. மிஸியை நேராகப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"மெசினு எழுதி வச்சிருக்கு, அதுனால நம்புறீங்க. எழுதாம இருந்திருந்தா, மிஸி?"

எதற்கும் பதில் வைத்திருக்கும் மிஸி செல்லம்மாவின் பக்கத்தில் வந்தார். "அதுக்கு என்னட்டை மறுமொழி இல்லை, செல்லம்மா. நீ முதல் நாளே சொன்னனி, உள்ளை போகேக்கையே கறுப்பா இருந்தது எண்டு. பத்து நாள் காகிதம் வாசிச்சு நான் கண்டுபிடிச்சதும் அதுதான்" என்றார்.

செல்லம்மா திங்கட்கிழமை வேலைக்கு வந்தார். வரும்போது ஒன்று சொல்லிவிட்டுத்தான் படியேறினார். "இனிமே என்னையப் பத்தி ஏதாச்சும் தெரியணும்னா, என்னையத்தான் கேக்கணும்." மிஸி, ஓம் என்றார். டிஸ்க்கை நான் பெட்டரி காப்பில் மாற்றிச் செருகினேன், பெட்டியின் கடிகாரத்தையும் திருப்பி வைத்தேன். மாஸ்டர் இருந்த காலம்வரை அந்தப் ப்ளேயர் நிற்கவில்லை.

இந்தக் கதையை மிஸி எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறார், உங்களில் சிலருக்கும் சொல்லியிருப்பார். சொல்லும்போது லொக்கைக் கண்டுபிடித்த பெருமையோடு நிறுத்தமாட்டார். செல்லம்மாவின் கேள்வியையும் தனக்குப் பதில் இல்லாமல் போனதையும் சொல்லித்தான் முடிப்பார். தான் தோற்ற இடத்தை இவ்வளவு ஆசையோடு ஆராய்ந்த வேறொருவரை நான் கண்டதில்லை. இனிக் காணப்போவதும் இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய துக்கம்.

சாவு வீட்டுக்குப் போய்வந்து கடை திறந்த அன்று, ஒருவர் லெப்டொப் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அவர் மனைவி உள்ளே வராமல் கடைவாசலில் நின்றுகொண்டிருந்தார். "இவ தொட்டதுக்கு அப்புறம்தான் இப்படி ஆச்சு. என்னா பண்ணித் தொலைச்சான்னு உள்ள பாத்துச் சொல்லுங்க" என்றார் அவர். லொக்கை எப்படித் திறப்பது என்பது என் தொழில், அது எனக்கு ஏற்கெனவே தெரியும். மிஸியிடமிருந்து எனக்கு மிஞ்சியது, திறப்பதற்குமுன் செய்ய வேண்டிய ஒரு வேலை. ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, அந்தப் பெண்ணை உள்ளே வரச்சொன்னேன். "நீங்க என்னா பாத்தீங்கன்னு முதல்ல சொல்லுங்கம்மா" என்றேன். அவர் புருஷனை ஒருமுறை பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், சொல்லத் தொடங்கினார்.